ஏற்காட்டுப் பாறைகளில் லைக்கன்களை அடையாளம் காண்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஏற்காட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் இவற்றைப் பார்த்திருப்பார்கள். காபித் தோட்டத்துக் கல்சுவர், பகோடா பாயிண்ட் பாறை, சாலையோரத்து மைல்கல் என்று எதிலும் சாம்பலும் ஆரஞ்சும் மஞ்சள்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். ஊரில் கல்பாசி என்போம், பாடப் புத்தகத்தில் லைக்கன். "இது எந்த வகை?" என்று தேட ஆரம்பிக்கும்போதுதான் திண்டாட்டம். எளிதில் கிடைக்கும் படப் புத்தகங்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதப்பட்டவை. இந்தியாவுக்கென்று இருப்பவை ஆராய்ச்சியாளர்களுக்கானவை. தமிழில் கையைப் பிடித்துச் சொல்லித் தருகிற மாதிரி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். நீங்களும் அப்படி அல்லாட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பெயர் பூஞ்சைக்கு வைத்தது. ஒரே பூஞ்சை வெயிலில் ஒரு நிறமாகவும் நிழலில் வேறு நிறமாகவும் தெரியும். அதனால் நிறத்தை வைத்துப் பெயர் தேடினால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். கல், உருவம், அடிப்பக்கம், ரசாயனச் சோதனை என்ற வரிசையில் போங்கள். பேரினம், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த கூட்டம், வரை சரியாகச் சொல்ல முடிந்தாலே முதல் வருடத்துக்கு அது நல்ல தேர்ச்சி.

1. மலைக்கு முன்னால் மளிகைக் கடை

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு மளிகைக் கடையில் கறிமசாலாவுக்குப் போடும் கல்பாசி ஐம்பது கிராம் வாங்குங்கள். நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அனுமதி, அலைச்சல் எதுவும் இல்லாமல் கிடைக்கும் முதல் மாதிரிகள் இவைதான்.

வெள்ளைத் தாளில் பரப்பி, சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பார்மோட்ரீமா பேரினம்தான் இருக்கும். ஆனால் ஒரே பொட்டலத்தில் பல இனங்கள் கலந்திருப்பது வழக்கம். மேல்பக்கம் சாம்பல் நிறம், அடிப்பக்கம் கருப்பு. அடியில் நடுப்பகுதியில் கருப்பு முடிபோல நீட்டிக்கொண்டிருப்பவை ரைசின்கள். கல்லையோ மரத்தையோ பற்றிக்கொள்ள உதவுபவை. ஓரத்துக்கு வரவர ரைசின் இல்லாமல் பழுப்பாகப் பளபளக்கும். இந்த வெற்று ஓரம் பார்மோட்ரீமாவுக்கு முக்கியமான அடையாளம்.

அப்புறம் ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள். மேல்தோலுக்கு அடியில் மெல்லிய பச்சைக் கோடு, அதுதான் பாசி. அதற்கும் கீழே பஞ்சு போல வெள்ளையாக இருப்பது மெடுல்லா. பின்னால் ரசாயனச் சோதனை செய்யும்போது "மேல்தோலில் வை", "மெடுல்லாவில் வை" என்று பிரித்துச் சொல்வேன், அதனால் இரண்டையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

மேல்பரப்பை லென்ஸில் பாருங்கள். சில துண்டுகளில் மிகச் சிறிய முளைகள் நெருக்கமாக நிற்கும். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். அவை ஐசிடியா. வேறு சில துண்டுகளில் ஓரம் சுருண்டு, அதில் மாவு பூசியது போல இருக்கும். விரலில் ஒட்டும் அந்த மாவு சொரீடியா. இரண்டும் லைக்கன் தன் துண்டுகளாலேயே பரவும் வழிகள்தான். ஆனால் இனம் பிரிப்பதில் பாதி வேலை இந்த வேறுபாட்டில் முடிந்துவிடும். இதைக் கண் பழகாமல் மலைக்குப் போனால் பார்க்கிற எல்லாமே ஒன்று போலத்தான் தெரியும்.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் அவசியம். முந்நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கும். இருபது, முப்பது மடங்கு என்று போட்டு விற்கும் மலிவு லென்ஸ்களை வாங்காதீர்கள். பார்வைப் பரப்பு சுருங்கி, ஓரமெல்லாம் வானவில்லாகத் தெரியும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, முகத்தைப் பாறைக்குக் கொண்டு போங்கள். லென்ஸைப் பாறையில் வைத்துவிட்டு தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மற்றவை: தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில், பேனாக்கத்தி, மில்லிமீட்டர் அளவுள்ள சின்ன ஸ்கேல், பென்சில், நோட்டு, பழைய ஏ4 தாள்கள். 365 நானோமீட்டர் யு.வி. (புற ஊதா) டார்ச் இருந்தால் நல்லது. ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கலாம். ரூபாய் நோட்டு சோதிக்க விற்கும் ஊதா டார்ச்சுகளில் பல 395 நானோமீட்டர். அந்த வெளிச்சம் கண்ணையே குழப்பும், வேண்டாம். சின்ன உளியும் சுத்தியலும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். ஆகமொத்தம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். மைக்ராஸ்கோப் இப்போது வாங்க வேண்டாம்.

3. அனுமதியும் ஆவணங்களும்

பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் பொது இடங்களில் யாரும் தடை சொல்ல மாட்டார்கள். பெயர்த்து எடுப்பது வேறு விஷயம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கணிசமான பகுதி காப்புக்காடு. அங்கிருந்து அனுமதி இல்லாமல் எதை எடுத்தாலும், ஒரு கைப்பிடி பாசியானாலும், 1882ஆம் வருடத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டில் சேகரிக்க வேண்டுமானால் சேலம் மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். யார், என்ன நோக்கம், எந்த இடம், எந்தத் தேதிகள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு எடுப்பீர்கள், மாதிரிகள் கடைசியில் எங்கே வைக்கப்படும் என்று தெளிவாக இருக்க வேண்டும். ஆதார் நகலையும், கல்லூரி வழியாகச் செய்தால் துறைத் தலைவரின் கடிதத்தையும் இணையுங்கள். நிறுவனக் கடிதம் இல்லாத தனிமனித விண்ணப்பம் எளிதில் நகராது. பயணத் தேதிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே கொடுத்து, ஒப்புகை முத்திரை போட்ட நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பின்னால் கேட்டுப் போகும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

எளிய வழி தனியார் காபித் தோட்டம். உரிமையாளரிடமோ மேலாளரிடமோ போய், நோட்டையும் லென்ஸையும் காட்டி விளக்கினால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஆனாலும் இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது எங்கே எடுத்தது, யார் அனுமதித்தது என்று கேட்பார்கள்.

கோயில் கல், கல்வெட்டு, நடுகல், கல்லறை இவற்றில் கத்தியும் வேண்டாம், ரசாயனமும் வேண்டாம். படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. எப்போது போவது

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழை ஓய்ந்த மறுநாள் காலை ரொம்ப நல்லது. சனி, ஞாயிறு தவிருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகளுக்கு நடுவே நின்று பாறை பார்ப்பது ஆபத்து. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். காலை முதல் பேருந்தைப் பிடித்தால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாறை போதும். மலை முழுக்க நடந்து நூறு படம் எடுத்து வருவதை விட, இடுப்புயரப் பாறை ஒன்றின் முன் மூன்று மணி நேரம் உட்காருவதில்தான் கற்றுக்கொள்ள முடியும். வெயில் படும் மேல்பக்கம், நீர் வழியும் பக்கம், நிழல் பக்கம் மூன்றிலும் வேறு வேறு லைக்கன்கள் இருக்கும்.

பாறை இடுக்கில் கையை விடாதீர்கள், தேளும் பாம்பும் இருக்கும். பாறை விளிம்புகளுக்கு அடியில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். தோட்டங்களுக்குள் காட்டெருமை வருவதுண்டு. தோட்டத்து ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

5. முதலில் கல்லை அடையாளம் காணுங்கள்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். லைக்கன்களில் பல கல்லின் வேதியியலைப் பார்த்துத்தான் குடியேறும். சுண்ணாம்புச் சத்துள்ள கல்லில் வளர்வது சிலிக்கா மிகுந்த கல்லில் பெரும்பாலும் வளராது. கல் தெரிந்தால் பட்டியலில் பாதி அப்போதே கழிந்துவிடும்.

சேர்வராயன் மலையின் பெரும்பாறை சார்னோக்கைட். உடைந்த முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற கருநீலச் சாம்பல் நிறம், கெட்டியான மணிகள்; இது சிலிக்கா வகை. மலை உச்சிகளில் பாக்சைட்டும் செம்பாறாங்கல்லும் உண்டு. சிமெண்ட் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, பழைய பாலத்தின் காரை எல்லாம் சுண்ணாம்பு வகை. சந்தேகம் இருந்தால் கீழே கிடக்கும் ஒரு சில்லை எடுத்து, எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

இதில் சேலத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மலையடிவாரத்து வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், கார்பனேட் வகைதான். ஆனால் சாதாரணக் குளிர்ந்த அமிலத்தில் கண்ணுக்குத் தெரியும்படி நுரைக்காது. நுரைக்கவில்லை என்பதற்காக அதைச் சிலிக்காக் கல் என்று எழுதிவிடாதீர்கள்.

ஏற்காடு இருப்பது சுமார் 1500 மீட்டர் உயரத்தில், சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. சேலத்தை ஒட்டிய நகரமலையிலோ கஞ்சமலையிலோ வெயில் காயும் பாறையில் பார்ப்பதை ஏற்காட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டால் பொருந்தாது. உயரத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

6. அது லைக்கன்தானா?

ஏமாற்றுபவை சில உண்டு. பாறை முகத்தில் நீர் வழிந்த தடமாகத் தெரியும் கருப்புப் பட்டைகள் பெரும்பாலும் பூஞ்சையோடு சேராமல் தனியாக வளரும் நீலப்பச்சைப் பாசிகள். ஈரச் சுவரில் வெல்வெட் போல ஆரஞ்சாகப் படர்ந்து, தேய்த்தால் விரலில் ஒட்டுவது டிரென்டிபோலியா என்ற பாசி. பெயர் பச்சைப்பாசி வகுப்பில் இருந்தாலும் நிறம் ஆரஞ்சு. சின்னஞ்சிறு தண்டும் இலையும் லென்ஸில் தெரிந்தால் அது மாஸ். பறவை எச்சம், பெயிண்ட், இரும்புத் துரு இவையும் தூரத்தில் ஏமாற்றும்.

சந்தேகம் வந்தால் ஒரு ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோல், அதன்கீழ் பச்சை அடுக்கு, அதன்கீழ் வெள்ளை என்று அடுக்காக வந்தால் லைக்கன்தான். தோல் இல்லாமல் முழுக்க மாவாகவே இருக்கும் லெப்ராரியா போன்ற லைக்கன்களும் உண்டு. அவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

7. உருவத்தைப் பிரியுங்கள்

கல்லோடு பூசினாற்போல ஒட்டி, கத்தி இல்லாமல் பிரிக்கவே முடியாதது ஓட்டு வகை. ஓரம் மடல் மடலாக இருந்து, அடிப்பக்கம் தனியாகத் தெரிவது இலை வகை. கிளை விட்டு நிமிர்ந்தோ தொங்கியோ இருப்பது புதர் வகை. செதில் செதிலாக இருப்பது இடைப்பட்டது.

நம் பாறைகளில் எண்ணிக்கையில் அதிகம் ஓட்டு வகைதான், ஆனால் அவற்றில் பலவற்றைப் பூஞ்சையின் வித்துக்களை (ஸ்போர்) மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் சொல்ல முடியாது. அதனால் இலை வகையில் தொடங்குங்கள். இது என் உறுதியான கருத்து. ஓட்டு வகையில் தொடங்கியவர்கள் ஒரே மாதத்தில் விட்டுவிடுவார்கள்.

8. காய்ந்தும் நனைந்தும் பாருங்கள்

படம் எடுக்கும் முறைதான் பலருக்கும் தெரியாதது. முதலில் காய்ந்த நிலையில் எடுங்கள்: முழுப் பாறை ஒன்று, ஸ்கேலோடு நெருக்கமாக ஒன்று, ஓர மடல்கள் ஒன்று, நடுப்பகுதி ஒன்று, முடிந்தால் அடிப்பக்கம் ஒன்று. அதற்கப்புறம் தண்ணீர் தெளியுங்கள்.

அடுத்த அரை நிமிடத்தில் நடப்பதைக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். சாம்பலாக இருந்த மடல் ஓரத்திலிருந்து உள்ளே பச்சையாக மாறிக்கொண்டே போகும். மேல்தோல் நீரை உறிஞ்சியதும் கண்ணாடியாகி, அடியிலிருக்கும் பாசி வெளியே தெரிகிறது. பாசி நீலப்பச்சை வகையாக இருந்தால் பச்சை வராமல் கரும்பச்சையாகவோ கருப்பாகவோ ஆகும். கொலிமா, லெப்டோஜியம் போன்றவை நனைந்ததும் ஊறிய கூழாக உப்பிவிடும். இந்த ஒரு சோதனைக்குச் செலவே இல்லை, பலனோ பெரியது. நனைந்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு "பச்சை லைக்கன்" என்று தேடுவது வீண். புத்தகங்களில் சொல்லும் நிறமெல்லாம் காய்ந்த நிறம்.

நோட்டில் தேதி, இடம், செல்போனில் காட்டும் அட்சதீர்க்க ரேகை, உயரம், கல் வகை, வெயிலா நிழலா, பாறை எந்தத் திசை பார்க்கிறது என்று அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் பாதி மறந்துவிடும்.

9. எடுப்பதானால் இப்படி

ஓட்டு வகை லைக்கன்களில் பலவும் ஒரு வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூட வளராது. உள்ளங்கை அளவு வட்டம் உங்களை விட மூத்ததாக இருக்கலாம். அதனால் அதே லைக்கன் பக்கத்தில் தாராளமாக இருந்தால் மட்டும் கட்டைவிரல் நகம் இரண்டு சேர்ந்த அளவுக்கு எடுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் விட்டுவிடுங்கள்.

இலை வகையைத் தண்ணீர் தெளித்து மெத்தென்று ஆனதும் கத்தியால் நெம்பினால் உடையாமல் வரும். தாளில் மடித்த பொட்டலத்தில் போடுங்கள். பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது; மறுநாளே பூசணம் பிடித்துவிடும். வீட்டில் இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, உலர்ந்தபின் பொட்டலத்தை இறுக்கமான டப்பாவில் வைத்து ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். உள்ளே இருக்கும் பூச்சிகள் செத்துவிடும்.

10. சொட்டுச் சோதனைகள்

லைக்கன்கள் தங்களுக்கென்று சில அமிலங்களைச் சேர்த்து வைக்கும். ஒரு சொட்டு ரசாயனம் வைத்தால் அவை நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். இரண்டு திரவம் போதும்.

கே சோதனைக்குப் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. வேதியியல் ஆசிரியர் யாரையாவது தெரிந்திருந்தால் ஐம்பது மில்லி கேட்டு வாங்குங்கள், வீட்டில் கரைக்க வேண்டாம். தோலையும் கண்ணையும் அரிக்கும் சரக்கு. பிளாஸ்டிக் சொட்டுக் குப்பியில் வையுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. சி சோதனைக்கு வாசனை கலக்காத பிளீச் திரவம், அல்லது பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்த நீர். இது சீக்கிரம் வீரியம் இழக்கும், அன்றன்று புதிதாக எடுங்கள். கல்லைச் சோதித்த எலுமிச்சை, வினிகரை பிளீச்சோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். ஆராய்ச்சியாளர்கள் பாரா ஃபினைலின் டையமின் என்ற மூன்றாவது ஒன்றையும் பயன்படுத்துவார்கள். தலைச்சாயத்தில் உள்ள, ஒவ்வாமை தரும் பொருள் அது. வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

பாறையில் அல்ல, கிள்ளி எடுத்த சிறு துண்டில், காய்ந்த நிலையில், பல்குச்சி நுனியால் மிகச் சின்னச் சொட்டு வையுங்கள். லென்ஸில் பார்த்துக்கொண்டே வையுங்கள், சில நிறங்கள் ஒரு நொடியில் வந்து மறைந்துவிடும். மெடுல்லாவுக்கு மேல்தோலை பிளேடால் சீவி வெள்ளையை வெளியே கொண்டு வந்த பிறகு வையுங்கள்.

இங்கேயும் மளிகைக் கடைக் கல்பாசி கைகொடுக்கும். ஐசிடியா உள்ள துண்டு ஒன்றின் மெடுல்லாவில் சி வைத்ததும் பளிச்சென்று சிவந்தால், அது பார்மோட்ரீமா டிங்டோரமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் துண்டைத் தனியே எடுத்து வைத்து, ஒவ்வொரு முறையும் உங்கள் பிளீச் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பயன்படுத்துங்கள். சொரீடியா ஓரம் உள்ள துண்டுகள் பலவற்றில் மெடுல்லா சி-க்கு மாறாது. கே வைத்தால் மஞ்சளாகி ஆரஞ்சில் நின்றால் பார்மோட்ரீமா பெர்லேட்டம் பக்கம் பாருங்கள். மஞ்சளாகி ரத்தச் சிவப்பானால், மேல்பரப்பில் வலைப்பின்னல் வெடிப்பும் இருந்தால், பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டம். சோதித்த துண்டுகளைக் குப்பையில் போடுங்கள், மசாலா டப்பாவில் அல்ல.

11. முதலில் பழக வேண்டிய சில

பாறையோடு படிந்த இலை வகை, மஞ்சள் கலந்த பச்சை என்றால் சான்தோபார்மீலியா. மஞ்சள் நிறம் அஸ்னிக் அமிலத்தால் வருவது.

ஒட்டிப் படிந்த சாம்பல் நிற மடல்கள் என்றால் டிரினாரியாவும் பிக்ஸினும் குழப்பும். பிக்ஸின் கோகோயஸ் மேல் யு.வி. டார்ச் அடித்தால் பிரகாசமான மஞ்சளாக ஒளிரும், கே-க்கு மாறாது. டிரினாரியா ஒளிராது, கே-யில் மஞ்சளாகும், அடியில் ரைசின் இருக்காது. இருட்டிய அறையில் ஒரு நிமிட வேலை.

ஆரஞ்சு நிற ஓட்டு வகை, கே வைத்ததும் அடர் ஊதாவானால் கலோபிளாக்கா வகையறா. மஞ்சளாக இருந்தும் ஊதாவாகவில்லை என்றால் கேன்டலேரியெல்லா, அகரோஸ்போரா பக்கம் போங்கள். வெயில் காயும் சமவெளிப் பாறையில் சிறு கரும்பழுப்புச் செதில்கள் இருந்தால் பெல்டுலாவை நினைவில் வையுங்கள். சாம்பல் நிற ஓட்டில் குழிந்த சிறு சட்டிகள் போலக் கனியுறுப்பு (வித்து உண்டாகும் பகுதி) இருந்து, சி-யில் சிவந்தால் டிப்ளோஸ்கிஸ்டஸ்.

செல்போன் செயலிகள் சொல்லும் பெயரை அப்படியே எழுதாதீர்கள். அவை பெரும்பாலும் குளிர்நாட்டுப் படங்களில் பழகியவை. ஆரஞ்சு எதைக் காட்டினாலும் சான்தோரியா பேரியெட்டினா என்று ஐரோப்பியப் பெயரைத் தூக்கிப் போடும். படத்தைப் பதிவேற்றுங்கள், பெயரைப் பேரினத்தோடு நிறுத்துங்கள்.

12. அதற்கு மேல் போக வேண்டுமானால்

லைக்கன் ஆராய்ச்சியாளர் டி.டி. அவஸ்தி 1988இல் இலை, புதர் வகைகளுக்கும் 1991இல் ஓட்டு வகைகளுக்கும் எழுதிய திறவுகோல்கள்தான் (படிப்படியாகப் பெயருக்குக் கொண்டு போகும் பட்டியல்கள்) இந்தியாவில் இன்றும் அடிப்படை. அவற்றில் உள்ள பெயர்கள் பல மாறிவிட்டன. கிடைத்த பெயரை இண்டெக்ஸ் ஃபங்கோரம் என்ற பூஞ்சைப் பெயர்த் தளத்தில் போட்டு இன்றைய பெயரைச் சரிபாருங்கள்.

வித்துக்கள் பார்க்க 400 மடங்கு மைக்ராஸ்கோப் வேண்டும். தாவரவியல் துறை உள்ள கல்லூரியில் பிற்பகல் ஆய்வக நேரம் முடிந்தபின் அனுமதி கேளுங்கள். பிளேடும் மாதிரியும் நீங்களே கொண்டு போங்கள்.

நிபுணர் ஒருவர் பார்க்க வேண்டும் என்றால், லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் லைக்கன்களுக்கென்றே பெரிய உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. கேட்காமல் பார்சல் அனுப்பாதீர்கள். முதலில் படங்களும் சோதனை முடிவுகளும் வைத்து மின்னஞ்சல் எழுதுங்கள், அவர்கள் சரி என்ற பிறகு மட்டும் அனுப்புங்கள். காகிதப் பொட்டலங்களை அட்டைப் பெட்டியில் நசுங்காமல் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் எண், இடம், கல் வகை, தேதி எழுதி, அனுமதிக் கடிதத்தின் நகலோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு துண்டை அதே எண்ணோடு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், வரும்போது அதில் எண்ணும் பெயரும் மட்டும்தான் இருக்கும்.